அவளுக்குத் தெரியுமா தெரியாதா? ஒரு ஆள்மாறாட்ட நாவலும் எங்க எட்டு பேரோட தீர்ப்பும்

எங்க வாசிப்புக் குழுவுல மொத்தம் எட்டு பேரு. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை வீடியோ கால்ல கூடுவோம், ஒன்றரை மணி நேரம் பேசுவோம், அடுத்த புத்தகம் எதுன்னு சண்டை போட்டுட்டு கலைஞ்சுடுவோம். இந்தத் தடவை எடுத்தது ஜேனட் லூயிஸ் 1941ல எழுதின 'தி வைஃப் ஆஃப் மார்ட்டின் கெர்'. சின்ன நாவல், ஒரே மூச்சுல படிச்சு முடிச்சுடலாம். ஆனா பேச்சு மட்டும் மூணு கூட்டத்துக்கு இழுத்துச்சு, நடுவுல ஒருத்தர் கோச்சுக்கிட்டு குரூப்ப விட்டே வெளிய போய் மறுநாள் திரும்பி வந்தாரு (திரும்பி வந்தது அவரேதானான்னு இன்னும் கலாய்ச்சுட்டு இருக்கோம்). இவ்வளவு ரகளை ஏன் ஆச்சு, நான் எங்க சொதப்பினேன், யாரு என்ன சொன்னாங்கன்னு எழுதி வெச்சுக்கலாம்னுதான் இது.

முதல்ல கதை. இது நிஜமாவே நடந்த வழக்கு, பிரான்ஸோட தெற்குப் பக்கம் ஆர்டிகான்னு ஒரு கிராமம். மார்ட்டின் கெர்ன்னு ஒரு பையனுக்கும் பெர்ட்ராண்ட்ங்கற பொண்ணுக்கும் 1538 வாக்குல சின்ன வயசுலயே கல்யாணம் ஆகுது. எட்டு வருஷம் குழந்தை இல்ல, செய்வினைன்னு ஊரே பேசுது, அப்புறம் ஒரு பையன் பிறக்கறான். 1548ல மார்ட்டின் அப்பாவோட தானியத்தைத் திருடிட்டான்னு ஒரு பிரச்சனை, அவன் வீட்டை விட்டு ஓடிடறான். எட்டு வருஷம் ஒரு தகவலும் இல்ல. 1556ல ஒருத்தன் வந்து நான்தான் மார்ட்டின்ங்கறான். தங்கச்சிங்க நாலு பேரும் கட்டிப் புடிச்சு அழறாங்க, சித்தப்பா பியர் ஏத்துக்கறாரு, பொண்டாட்டி ஏத்துக்கறா. மூணு வருஷத்துக்கு மேல குடும்பம் நடக்குது, ரெண்டு பொண்ணு பிறக்குது, ஒண்ணு தவறிடுது. வந்தவன் நிஜத்துல ஆர்னோ தூ தில், பக்கத்துப் பிரதேசத்து ஆளு, ஊர்ல அவனுக்கு தொப்பைக்காரன்னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு பட்டப்பேரு உண்டு. வழக்கு ரியூங்கற ஊர்ல நடந்து துலூஸுக்கு மேல்முறையீடு போகுது, அங்க விடுதலை ஆகப்போற நேரத்துல ஒத்தைக் காலோட, கட்டைக்கால் ஊனிட்டு நிஜ மார்ட்டின் உள்ள வர்றான். 1560 செப்டம்பர் 12ல தீர்ப்பு, 16ல மார்ட்டின் வீட்டு வாசல்லயே ஆர்னோவைத் தூக்குல போட்டாங்க.

நாவல்ல இந்தக் கதை முழுக்க பெர்ட்ராண்ட் பக்கம் நின்னு சொல்லப்படுது. வந்தவன் முன்னாடி இருந்தவனை விட அன்பா இருக்கான், அதுலயே அவளுக்கு சந்தேகம் கிளம்புது. பாதிரியார்கிட்ட சொல்றா, நாத்தனார்கிட்ட சொல்றா, எல்லாரும் இவளுக்குத்தான் புத்தி பேதலிச்சிருச்சுன்னு நினைக்கறாங்க. கடைசில அவளே அவனை கோர்ட்டுக்கு இழுக்கறா. நிஜப் புருஷன் திரும்பி வந்து அவளையே திட்டறான். எவன் கூட சந்தோஷமா இருந்தாளோ அவன் செத்தான், எவனுக்காக உண்மையா இருக்கணும்னு பாடுபட்டாளோ அவன் முகத்தைத் திருப்பிக்கிட்டான்.

இப்ப என் தப்பு. புத்தகத்தை அறிவிக்கறப்ப குரூப்ல "ஆள்மாறாட்டம் பத்தின அருமையான நாவல்"னு போட்டேன். அவ்வளவுதான், ஆட்டம் அங்கயே முடிஞ்சது. வந்தவன் போலின்னு முதல் பக்கத்துலயே எல்லாருக்கும் தெரிஞ்சுடுச்சு, அதனால பெர்ட்ராண்ட் எந்த இருட்டுல தடவித் தடவி நடந்தாளோ அங்க நாங்க எல்லாரும் டார்ச் லைட்டோட நின்னுட்டு இருந்தோம். போதாக்குறைக்கு மூணு பேரு 1982ல வந்த பிரெஞ்சுப் படத்தை வேற ஏற்கெனவே பாத்திருந்தாங்க. படத்துல பெர்ட்ராண்ட் வேற மாதிரி, அவளுக்கு அவன் மேல மனசு இருக்கு, அவன் யாருன்னு தெரிஞ்சே கூட வாழறான்னு நமக்குப் புரியற மாதிரிதான் எடுத்திருப்பாங்க.

முதல் கூட்டத்துல சும்மா சூடு பிடிக்கட்டும்னு ஒரு ஓட்டெடுப்பு வெச்சேன். படிச்சவங்க ஆறு பேரு. படிக்காமலே வந்து உக்கார்ற ரெண்டு பேரு எந்தக் குழுவுலயும் இருப்பாங்க, எங்ககிட்டயும் உண்டு, அவங்களை ஓட்டுல சேக்கல. கேள்வி ஒண்ணுதான், அவளுக்குத் தெரியுமா தெரியாதா. அஞ்சு பேரு தெரியும்னாங்க. எங்க குழுவுல இளையவர், எல்லாரும் தம்பின்னுதான் கூப்பிடுவோம், அவர் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கு. "அக்கா, முதல் ராத்திரியே தெரிஞ்சிருக்கும். புருஷனைத் தெரியாத பொண்டாட்டி இருப்பாளா? சும்மா நடிச்சிருக்கா." சொல்லிட்டு அஞ்சே நிமிஷத்துல அதே தம்பி, "நல்லா வாழ்ந்துட்டு இருந்த குடும்பத்தை ஏன் கெடுத்தா, மூடிட்டு இருந்திருக்கலாம்ல"ன்னாரு. அதாவது அவ வாயைத் திறக்கலன்னா கள்ளி, திறந்தா கல்நெஞ்சக்காரி. நான் அதைச் சுட்டிக் காட்டினேன், அவர் கோச்சுக்கிட்டாரு, வெளிய போன ஆள் யாருன்னு இப்ப புரிஞ்சிருக்கும்.

ஆறாவதா ஒரு அக்கா. அவங்க ஓட்டே போடல. "எனக்குச் சொல்லத் தெரியலப்பா"ன்னுட்டு மைக்கை ம்யூட் பண்ணிட்டாங்க. அப்ப நான் அதைக் கண்டுக்கல.

ரெண்டாவது கூட்டத்துக்கு வேற வழி பாத்தேன். படிக்காத அந்த ரெண்டு பேரு இருக்காங்கல்ல, அவங்க குரூப் மெசேஜும் படிக்க மாட்டாங்க, முதல் கூட்டத்துக்கும் பாதில வந்து பாதில போனவங்க, அதனால முடிவு என்னன்னு அவங்களுக்கு நிஜமாவே தெரியாது. மத்தவங்க எல்லாரும் வாயை மூடிக்கணும்னு கண்டிஷன் போட்டுட்டு, இந்த ரெண்டு பேரையும் 1560 ஜூலை மாசத்து நீதிபதிங்களா உக்கார வெச்சேன். கட்டைக்கால் ஆளைப் பத்தி மூச்சு விடல. நாவலையும் ஓரம் வெச்சுட்டேன். துலூஸ் கோர்ட்டுல வழக்கை விசாரிச்சு அறிக்கை எழுதின நீதிபதி ஜான் தெ கோராஸ் அதையே 1561ல புத்தகமா போட்டாரு, அதுல இருக்கற சாட்சியங்களை மட்டும் ஒவ்வொண்ணா எடுத்துச் சொன்னேன்.

ரியூ விசாரணைல சுமாரா நூத்தம்பது சாட்சி. நாப்பத்தஞ்சு பேரு கிட்ட இவன் மார்ட்டின் இல்லங்கறாங்க. முப்பது நாப்பது பேரு இவனேதான்ங்கறாங்க. அறுபது பேருக்கு மேல, ரெண்டு பேரும் ஒரே ஜாடை, எங்களால சொல்ல முடியலன்னு கை விரிச்சுட்டாங்க. ஊரு செருப்பு தைக்கறவரு வந்து மார்ட்டின் காலளவு பன்னெண்டு, இந்த ஆளோடது ஒம்பதுதான்னு சொல்றாரு. மகன் சாங்சி இவன் ஜாடைல இல்ல. மார்ட்டின் குடும்பம் பாஸ்க் மொழிக்காரங்க, இவனுக்கோ அதுல ரெண்டு மூணு வார்த்தைக்கு மேல வராது. இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் மரு, தழும்பு, பல்லு, கண்ணுல ரத்தப் புள்ளின்னு அடையாளங்கள் பொருந்துதுன்னு சொல்றவங்க இருக்காங்க. கல்யாணத்தன்னிக்கு யாரு வந்தாங்க, என்ன துணி போட்டிருந்தாங்க, என்ன பேசினாங்க, புருஷன் பொண்டாட்டிக்கு மட்டும் தெரிஞ்ச அந்தரங்கம் எல்லாம் இவன் ஒண்ணு விடாம சொல்றான், பொண்டாட்டியைத் தனியா கேட்டா அவ சொல்றதும் அச்சு அசலா அதேதான். நான் மார்ட்டின் இல்லன்னு அவ சத்தியம் பண்ணட்டும், நான் சாகறதுக்கு ரெடிங்கறான். அவ சத்தியம் பண்ணல.

வழக்கு எப்படி ஆரம்பிச்சதுன்னும் சொன்னேன். வந்தவன் கொஞ்சம் நிலத்தை வித்தான், அதுல பிரச்சனை இல்ல. ஆனா நான் இல்லாத வருஷங்கள்ல என் சொத்தை நீங்கதான பாத்துக்கிட்டீங்க, கணக்கு குடுங்கன்னு சித்தப்பாகிட்ட கேட்டான். சித்தப்பா பியர் சும்மா சித்தப்பா மட்டும் இல்ல, பெர்ட்ராண்டோட விதவை அம்மாவைக் கட்டிக்கிட்டவரு, அதனால அவளுக்கு மாமியார் வீட்டு மனுஷனும் அவரே, அப்பா ஸ்தானமும் அவரே. கணக்கு கேட்ட அப்புறம்தான் அவருக்கு இவன் போலின்னு தோணுச்சு. அவ பேர்ல அவரே போய் புகார் குடுத்தாரு, அவ பின்னாடிதான் அதுல வந்து நிக்கறா.

இதைக் கேட்டதும் ரெண்டு பேர்ல ஒருத்தர், ஆடிட்டிங் வேலைல இருக்கறவர், யோசிக்கவே இல்ல. "சார், இது சொத்துத் தகராறு. ஆளை விடுங்க." இன்னொருத்தங்க கொஞ்ச நேரம் எடுத்துக்கிட்டு, "செருப்பு அளவு உறுத்துதுங்க, ஆனா அதை வெச்சுத் தூக்குல போட முடியாதே, சந்தேகத்தோட பலன் அவனுக்குத்தான்"னாங்க. துலூஸ் நீதிபதிங்களும் கிட்டத்தட்ட இதே முடிவுக்குத்தான் வந்துட்டு இருந்தாங்க. முதல் கூட்டத்துல "எப்படித் தெரியாம இருக்கும்"னு குதிச்ச அஞ்சு பேர்ல என்னைத் தவிர மத்த நாலு பேரு முகத்தையும் அந்தச் சின்னச் சின்ன கட்டத்துல பாத்துட்டே இருந்தேன், எனக்கு அவ்வளவு திருப்தி.

அப்புறம் கட்டைக்கால் ஆளைச் சொன்னேன். ஓடிப்போனவன் ஸ்பெயின்ல ஒரு கார்டினல் வீட்ல வேலைக்காரனா இருந்து, அப்படியே ஸ்பெயின் படைல சேந்து, 1557 ஆகஸ்ட்ல சான் கான்டான் போர்ல தன் சொந்த ராஜாவுக்கு எதிரா சண்டை போட்டு கால் போனவன். இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, பழைய சங்கதிகளைக் கேட்டப்ப நிஜ மார்ட்டினை விட போலி மார்ட்டின்தான் நல்லா பதில் சொன்னான். நிஜமானவனுக்கு பாதி மறந்து போச்சு. போலிக்கு மறதி கட்டுப்படியாகாதுல்ல.

எல்லாரும் கொஞ்ச நேரம் பேசல. அப்ப அந்த சந்தேகத்தின் பலன் குடுத்தவங்க கேட்டாங்க, "சரிங்க, பொண்டாட்டிய விடுங்க. அந்த நாலு தங்கச்சிங்க?"

இந்தக் கேள்வியை புத்தகத்தைப் படிச்ச ஆறு பேர்ல ஒருத்தர் கூட கேக்கலங்க, நான் உட்பட. கூடப் பொறந்து, ஒரே வீட்ல வளந்து, அண்ணன் ஓடிப்போற வரைக்கும் தினம் முகத்தைப் பாத்த நாலு பேரு. அவங்க கோர்ட்டுல கடைசி வரைக்கும் இவன்தான் எங்க அண்ணன்னு நின்னவங்க. அதே தங்கச்சிங்க கட்டைக்கால் ஆளைப் பாத்ததும் அவனையும் கட்டிப் புடிச்சு அழுதாங்க. அவங்களைப் பாத்து யாராவது கள்ளிங்க, நடிச்சாங்கன்னு சொன்னோமா? சித்தப்பா மூணு வருஷம் ஒரே ஊர்ல ஒண்ணா உக்காந்து சாப்பிட்டாரு, அவரை யாராவது "முதல் நாளே தெரிஞ்சிருக்கும்"னு சொன்னோமா? தங்கச்சி ஏமாந்தா பாசம், சித்தப்பா ஏமாந்தா பாவம் வெள்ளந்தி, பொண்டாட்டி ஏமாந்தா மட்டும் நாடகம். நாங்க அஞ்சு பேரு போட்ட ஓட்டுக்கு அடியில இருந்த கணக்கு இதுதான்.

இது எங்க குழுவோட கோளாறு மட்டும் இல்லன்னு அப்புறம் தேடிப் படிச்சப்ப தெரிஞ்சது. அந்த நிஜ மார்ட்டினே கோர்ட்டுல தங்கச்சிங்களை, சித்தப்பாவை மன்னிச்சுட்டான். பொண்டாட்டி கால்ல விழுந்து அழுதப்ப, அவங்களைக் காரணம் காட்டாத, புருஷனைப் பொண்டாட்டியை விட யாருக்குத் தெரியணும்ங்கற மாதிரிதான் பதில் சொன்னான். தம்பி சொன்ன அதே வசனம், நாநூத்தி அறுபது வருஷம் முன்னாடி, அதுவும் சொல்லாம கொள்ளாம ஓடிப்போனவன் வாயிலேர்ந்து.

நீதிபதி கோராஸ் வேற பக்கம் போனாரு. பொம்பளைங்க சுலபமா ஏமாறக்கூடியவங்க, அதனால அவ குற்றவாளி இல்லன்னுட்டாரு. கேக்க எரிச்சலா இருக்கும், எனக்கும் இருந்துச்சு, ஆனா அந்த தீர்ப்புக்குள்ள ஒரு குழந்தை இருக்கு. அம்மா அவனை நிஜப் புருஷன்னு நம்பித்தான் வாழ்ந்தான்னு கோர்ட் ஒத்துக்கிட்டாத்தான் ஆர்னோவுக்குப் பிறந்த பொண்ணு பெர்னார்ட் முறையான வாரிசு ஆவா. அவளுக்குத் தெரியும்னு எழுதியிருந்தா அம்மாவுக்குத் தண்டனை, குழந்தைக்குக் காலத்துக்கும் கெட்ட பேரு. அவளுக்குத் தெரியாதுன்னு எழுதினாங்க, ஆர்னோவோட சொத்தும் அந்தக் குழந்தைக்கே போச்சு. அதனால கோர்ட் எழுதி வெச்சதை அவ மனசுக்குள்ள எடுத்த போட்டோ மாதிரி நாம படிக்க முடியாது. அவ வேற என்னதான் சொல்லியிருக்க முடியும்? எட்டு வருஷம் புருஷன் இல்லாம, செத்தான்னு உறுதியா ஆதாரம் கிடைக்காம மறுகல்யாணமும் பண்ண முடியாத சட்டம் இருந்த காலத்துல, வந்தவனை ஊரே அவன்தான்னு சொல்றப்ப, ஒருத்தி மட்டும் தனியா நின்னு இல்லன்னு சொல்லணும். நாவல்ல அதைத்தான் அவ செய்யறா, நாவல்ல அதுக்கு என்ன கிடைச்சதுன்னும் பாத்தோம்.

பதினாறாம் நூற்றாண்டு பிரெஞ்சு எழுத்தாளர் மோந்தேன் இந்த வழக்கைப் பத்தி நொண்டிங்களைப் பத்தின தன்னோட கட்டுரைல எழுதியிருக்காரு. இவ்வளவு குழப்பமான விஷயத்துல தூக்குத் தண்டனை குடுத்தது ரொம்பத் துணிச்சல், எங்களுக்கு ஒண்ணும் புரியலன்னு கோர்ட் ஒத்துக்கிட்டிருக்கலாம், நூறு வருஷம் கழிச்சு வாங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கலாம்ங்கறாரு. ஆடிட்டர் நண்பருக்கு இவரைத்தான் ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

அப்புறம் வரலாற்றாளர்கள் சண்டை. அந்த பிரெஞ்சுப் படத்துக்கு ஆலோசகரா இருந்த நடாலி ஸீமன் டேவிஸ், படத்துல வராத விஷயமெல்லாம் இருக்கேன்னு 1983ல தனியா ஒரு புத்தகம் போட்டாங்க. பெர்ட்ராண்ட் ஏமாந்தவ இல்ல, அவ தெரிஞ்சே அவனோட சேந்து ஒரு கல்யாணத்தை உருவாக்கிக்கிட்டாங்கறது அவங்க கட்சி. 1988ல ஒரு வரலாற்று இதழ்ல ராபர்ட் ஃபின்லேன்னு ஒருத்தர், இதுக்கு ஆதாரம் எங்க, கோராஸ் சொல்றது அவ ஏமாந்தான்னுதான, நீங்க இந்தக் காலத்துப் பொண்ணை அந்தக் காலத்துல கொண்டு போய் வெக்கறீங்கன்னு காய்ச்சி எடுத்தாரு, டேவிஸ் அதே இதழ்லயே திருப்பி பதில் குடுத்தாங்க. எனக்கு டேவிஸ் எழுத்துதான் பிடிக்கும், ஆனா ஆதாரம்னு பாத்தா ஃபின்லே கேட்டதுல பாதியாவது நியாயம். இதுலயும் பாருங்க, எல்லாரும் அடிச்சுக்கறது அவளுக்குத் தெரியுமாங்கறதுல மட்டும்தான், தங்கச்சிங்களுக்குத் தெரியுமான்னு இவ்வளவு சத்தமா ஒரு சண்டை நான் பாக்கல.

மூணாவது கூட்டம். தம்பியும் இருந்தாரு. நாவல்ல கடைசில ஆர்னோ அவகிட்ட சொல்ற ஒரு இடம் இருக்கு, ஒரு அயோக்கியன் உனக்காக மூணு வருஷம் யோக்கியனா இருந்தானே, அதைப் பாத்து உனக்கு ஆச்சரியமா இல்லையான்னு கேக்கற மாதிரி. அதைப் படிச்சுக் காட்டிட்டு, "இவனை எப்படிக்கா மன்னிக்காம இருக்கா"ன்னு ஆரம்பிச்சாரு. அப்பதான் முதல் கூட்டத்துல ம்யூட் பண்ணிட்டுப் போன அக்கா பேசினாங்க. அவங்க கிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதறேன், சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

அவங்க புருஷன் ஏழு வருஷம் வெளிநாட்டுல வேலை பாத்துட்டு வந்தவரு. நடுவுல ஒரே ஒரு தடவைதான் வந்தாரு. போன்ல பேசின குரல் அதேதான், ஏர்போர்ட்ல பாத்தப்ப முகமும் அதேதான், கொஞ்சம் முடி கொட்டியிருந்துச்சு அவ்வளவுதான்.

"முன்னாடி எல்லாம் எப்பவும் சுவத்தோரம்தான் படுப்பாரு. அன்னிக்கு ராத்திரி நேரா போய் வாசப்பக்கமா படுத்துக்கிட்டாரு. நான் நின்னுக்கிட்டே இருக்கேன். யாருய்யா நீன்னு ஒரு நிமிஷம் தோணுச்சுப்பா. நிஜமாவே தோணுச்சு. அவருதான்னு தெரியும், ஆனாலும் தோணுச்சு."

தம்பி, "அப்புறம் கேட்டீங்களாக்கா?"ன்னாரு.

"என்னன்னு கேக்கறது? புள்ளைங்க அப்பா அப்பான்னு மேல ஏறி விளையாடுது. அத்தை ஒரு பக்கம் புள்ள வந்துட்டான்னு அழுவறாங்க. நாத்தனாருங்க ரெண்டு பேரும் அன்னிக்கு அங்கதான் இருந்தாங்க. எல்லாரும் அவ்வளவு சந்தோஷமா இருக்கறப்ப நான் போய் என்னத்தைக் கேக்கறது. கேக்கல."

நான் மூணாவது ஓட்டெடுப்புக்கு கேள்வியெல்லாம் டைப் பண்ணி ரெடியா வெச்சிருந்தேன், போடாம விட்டுட்டேன். கொஞ்ச நேரம் யாருமே பேசல. தம்பிதான் தயங்கித் தயங்கி, "இப்ப எந்தப் பக்கம் படுக்கறாருக்கா?"ன்னு கேட்டாரு.

அக்கா சிரிச்சுட்டாங்க. "இப்பவும் வாசப்பக்கம்தான். நான்தான் சுவத்தோரம் போயிட்டேன்."